ஞாயிறு முழுக்கத் தூங்கியும் களைப்பு தீரவில்லையே, நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

இல்லை, இது சோம்பேறித்தனம் இல்லை. சக்தியெல்லாம் வற்றிப்போன அசதி, வேலைமேல் ஒரு வெறுப்பு, எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்ற எண்ணம்: இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வு என்று வரையறுத்தது. நோய் என்று அல்ல, தீராத வேலை அழுத்தத்தின் விளைவு என்று.

ஆனால் வேலைக்குப் போகும் பெண்களான நமக்கு அலுவலகம் பாதிக் கதைதான். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தங்கள் வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், அப்படிச் செய்யும் ஆண்கள் 97. நானும் சோழிங்கநல்லூரில் வேலை பார்த்தவள். இரவு எட்டரைக்கு வேளச்சேரி வீட்டுக்குள் நுழைந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே கண் போவது ஊறவைத்த உளுந்தின் மேல்தான். ஒருநாள் கிரைண்டர் ஓட ஓட அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாளிலிருந்து மாவு கடையில். ராத்திரிப் பாத்திரம் கணவருடையது. எனக்குச் செய்யும் உதவியாக இல்லை, அவருடைய வேலையாகவே. பெரிய மாற்றம் அதில்தான் வந்தது.

அப்புறம், ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். அவற்றாலும் இதே அசதி வரும். மனசு ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் இருக்கிறது: எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.