சரியான கடவுச்சொல்லுக்கும் 530 பிழை வருவது ஏன்?

உபுண்டு சர்வரில் விஎஸ்எஃப்டிபிடி என்னும் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) சர்வர் நிரலை நிறுவி, கோப்புப் பரிமாற்றத்துக்கென்றே நோலாகின் ஷெல்லுடன் (கட்டளை முனையத்தில் நுழைய விடாத ஷெல்) உருவாக்கிய பயனர், சரியான கடவுச்சொல்லைத் தந்தும் '530 லாகின் இன்கரெக்ட்' என்ற மறுமொழியையே பெறுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பாம் என்னும் அங்கீகார அடுக்கு எக்காரணத்தால் மறுத்தாலும் சர்வர் இதையே சொல்லும் என்பதால், கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பது வீண் அலைச்சல். முதலில் ஆத் லாக் என்னும் நுழைவு முயற்சிகளின் பதிவைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பாம் யுனிக்ஸ் பகுதி அங்கீகாரத் தோல்வியைப் பதிந்திருந்தால் கடவுச்சொல்தான் தவறு.

அவ்வரி இல்லையென்றால், பெரும்பாலும் காரணம் பாம் ஷெல்ஸ் என்னும் பகுதியே. பயனரின் ஷெல், இடிசி கோப்புறையிலுள்ள ஷெல்ஸ் கோப்பில் இடம்பெறாவிட்டால் அது நுழைவை மறுத்துவிடும். நோலாகின் அப்பட்டியலில் இயல்பாக இருப்பதில்லை. அதை அங்கே சேர்க்கச் சொல்வோர் பலர் உண்டு. ஆனால் அப்பட்டியலை வேறு நிரல்களும் நம்பியிருப்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாம்.டி கோப்புறையில் விஎஸ்எஃப்டிபிடிக்கு உரிய கோப்பைத் திறந்து, பாம் ஷெல்ஸ் வரியின் தொடக்கத்தில் # குறியிட்டு அதை முடக்குவதே பாதுகாப்பானது. எஃப்டிபியூசர்ஸ் கோப்பையும் ஒருமுறை பாருங்கள்: பெயருக்கு மாறாக, அதில் உள்ளவர்களுக்கு அனுமதி மறுக்கப்படும்.

அதன்பின் 500 என்று தொடங்கும் பிழை வந்தால், அங்கீகாரம் முடிந்துவிட்டது. எழுதும் உரிமையுள்ள முகப்புக் கோப்புறைக்குள், அதைவிட்டு வெளியேற முடியாதபடி பயனரை அடைக்க (குரூட்) சர்வர் மறுக்கிறதா என்று பாருங்கள்.