பினாங்கில் பிரிண்ட் கொடுத்தால் கோலாலம்பூரில் தாள் வருகிறது! – கணினி கேள்வி பதில்

சொந்த லேப்டாப்பில் அலுவலக வேலை பார்ப்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11-ல் உள்ளபடி.

பிறை வாசகி, பினாங்கு: கிளை அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். கணக்கு மென்பொருள் கோலாலம்பூர் தலைமை அலுவலக சர்வரில் இருக்கிறது. என் லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் போகிறேன். பிரிண்ட் கொடுத்தால் தாள் கோலாலம்பூரில் வருகிறது. ஒருநாள் இங்கே சரியாக வந்தால், மறுநாள் பிரிண்டரைக் காணவில்லை என்கிறது. டெலிவரி ஆர்டர் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸில் எழுத்து மங்கலாக வருகிறது, தாள் அளவும் தப்புகிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பது உண்மையில் மூன்று.

ரிமோட் டெஸ்க்டாப்பில் உங்கள் கண்முன் இருப்பது கோலாலம்பூர்க் கணினியின் திரை. மென்பொருள் ஓடுவது அங்கே, பிரிண்ட் பிறப்பதும் அங்கே. அந்தக் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் தலைமை அலுவலகத்து பிரிண்டர்தான். உங்கள் மேசையில் இருப்பதை நீங்கள்தான் அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். இணைப்பதற்கு முன், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் பெட்டியில் 'ஷோ ஆப்ஷன்ஸ்' அழுத்துங்கள். 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் 'பிரிண்டர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு 'ஜெனரல்' பக்கத்துக்குத் திரும்பி 'சேவ்' கொடுங்கள். டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த ஐகானை அழுத்தி உள்ளே போகிறவர்கள் இந்த 'சேவ்'வை விட்டுவிட்டால் அடுத்த முறை டிக் இருக்காது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் மாற்றம் தெரியாது. துண்டித்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.

இப்போது உள்ளே பிரிண்டர் பட்டியலில் உங்கள் பிரிண்டரின் பெயரும், பக்கத்தில் 'ரீடைரெக்டட்' என்ற சொல்லும், ஓர் எண்ணும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் ரிமோட்டை மூடிவிட்டு, லேப்டாப்பிலிருந்தே நோட்பேடில் ஒரு வரி அடித்து பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். அதுவே வராவிட்டால் சர்வரை நோண்டிப் பயனில்லை. அது வந்தும் உள்ளே பெயர் இல்லையென்றால், சர்வரில் 'டு நாட் அலவ் கிளையன்ட் பிரிண்டர் ரீடைரெக்‌ஷன்' என்ற குரூப் பாலிசி (நிர்வாகி வைக்கும் விண்டோஸ் கட்டுப்பாடு) போடப்பட்டிருக்கிறதா, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' ஓடுகிறதா என்று தலைமை அலுவலக ஐடி ஆளிடம் கேளுங்கள்.

ஒருநாள் வந்து மறுநாள் காணாமல் போவதற்கு அந்த எண்தான் காரணம். அது உங்கள் இணைப்பின் எண். வெளியேறியதும் அந்த பிரிண்டர் அழிந்துவிடும். மறுபடி நுழையும்போது வேறு எண்ணோடு புதிதாகப் பிறக்கும். கணக்கு மென்பொருளில் நேற்று 'ரீடைரெக்டட் 3' என்று தேர்ந்து சேமித்திருந்தால், இன்று வந்திருப்பது 'ரீடைரெக்டட் 5'. ஆகவே மென்பொருளில் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்காதீர்கள். 'டீஃபால்ட் பிரிண்டர்' என்று வையுங்கள். பாலிசி எதுவும் தடுக்காதவரை, லேப்டாப்பின் டீஃபால்ட் பிரிண்டரே உள்ளேயும் டீஃபால்ட் ஆகும். அது மாறாமல் இருக்க, லேப்டாப்பின் செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குப் போய் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' என்பதை அணைத்துவிடுங்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அலையும் லேப்டாப்பில் இந்த ஒன்று செய்யும் குழப்பம் கொஞ்சமல்ல. கடைசியாக எதில் அடித்தீர்களோ அதையே டீஃபால்ட் ஆக்கிவிடும்.

டாட் மேட்ரிக்ஸுக்கு வருவோம். ரிமோட் டெஸ்க்டாப் முதலில் 'ஈஸி பிரிண்ட்' என்ற பொது டிரைவரைத்தான் பயன்படுத்தப் பார்க்கும் (பிரிண்டரோடு கணினி பேச உதவும் நிரல்தான் டிரைவர்). சர்வரில் தனி டிரைவர் தேவையில்லை என்பதால் லேசர், இங்க்ஜெட்டுக்கு மிக நல்லது. ஆனால் அதன் வழியே வரும் பக்கம் டாட் மேட்ரிக்ஸில் படமாகவே அச்சாகும். எப்சன் எல்.க்யூ-310 போன்ற 24 ஊசி இயந்திரம் தன் சொந்த எழுத்தை அடிக்காமல் அந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாக வரையும். வேகம் போய்விடும், எழுத்து மங்கும், மூன்று படித் தாளில் கடைசிப் படியைப் படிக்கவே முடியாது. இதற்கு, லேப்டாப்பில் இருக்கும் அதே பெயருள்ள டிரைவரைச் சர்வரிலும் போடச் சொல்லுங்கள். பின்பு 'யூஸ் ரிமோட் டெஸ்க்டாப் ஈஸி பிரிண்ட் பிரிண்டர் டிரைவர் ஃபர்ஸ்ட்' என்ற பாலிசியை 'டிசேபிள்ட்' ஆக்கச் சொல்லுங்கள். டிரைவரின் பெயர் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

தாள் அளவு தனி விஷயம். டெலிவரி ஆர்டருக்குப் பலர் வாங்குவது 9.5 அங்குல அகலத் தொடர் தாளில் பாதி உயரம், அதாவது 9.5 × 5.5 அங்குலம். டிரைவர் பட்டியலில் அந்த அளவு இல்லாமல் ஏ4-ல் நின்றால், ஒவ்வொரு ஆர்டருக்கும் தாள் கூடுதலாக ஓடிவிடும்; அடுத்தது மடிப்புக்கு மேல் விழும். 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ்' திறந்து 'ஃபார்ம்ஸ்' பக்கத்தில் புதிய ஃபார்ம் ஒன்றை 24.13 × 13.97 செ.மீ. என்று உருவாக்குங்கள். லேப்டாப்பிலும் சர்வரிலும் ஒரே பெயரில் உருவாக்கி, பிரிண்டரிலும் மென்பொருளிலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர், கோலாலம்பூர்: அலுவலகத்தில் எல்லாருக்கும் பிரிண்டர் வேலை செய்கிறது. என் சொந்த லேப்டாப்பில் மட்டும் 'ஆஃப்லைன்'. வைஃபை நன்றாகவே கிடைக்கிறது.

பதில்: இன்டர்நெட் கிடைப்பதும் பிரிண்டர் இருக்கும் அதே வலையில் (நெட்வொர்க்கில்) இருப்பதும் ஒன்றல்ல. சொந்தக் கருவிகளுக்குப் பெரும்பாலும் விருந்தினர் வைஃபைதான் தருவார்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். பிரிண்டரின் பொத்தான் மெனுவில் நெட்வொர்க் விவரத்தைப் பாருங்கள், அல்லது கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிடுங்கள். அதில் 192.168.10.45 என்பது போல ஐ.பி. முகவரி இருக்கும். லேப்டாப்பில் வைஃபை விவரத்தில் 'ஐபிவி4 அட்ரஸ்' பாருங்கள். சிறிய அலுவலகங்களில் முதல் மூன்று எண்களும் ஒத்திருக்க வேண்டும். பிரிண்டர் 192.168.10-ல், நீங்கள் 192.168.50-ல் என்றால், விருந்தினர் வலையில் இருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். எந்த டிரைவர் போட்டாலும் இது தீராது. அனுமதி கேட்டுச் சரியான வலைக்கு மாறுவதுதான் வழி.

எண்கள் ஒத்திருந்தால், பிரவுசரில் அந்த ஐ.பி. முகவரியை அடித்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலான அலுவலக பிரிண்டர்களுக்குச் சொந்த இணையப் பக்கம் உண்டு. அது திறந்தால் வழி திறந்திருக்கிறது, குற்றம் விண்டோஸின் போர்ட்டில், அதாவது பிரிண்டருக்கு அது வைத்திருக்கும் இணைப்பு வழியில். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் பிரிண்டருக்குப் பல நேரம் 'டபிள்யூ.எஸ்.டி.' போர்ட் அமைந்துவிடும். லேப்டாப் தூங்கி எழுந்தால், வலை மாறினால், அது பிரிண்டரைத் தொலைத்துவிடும். 'பிரிண்டர் ப்ராப்பர்டீஸ்', 'போர்ட்ஸ்', 'ஆட் போர்ட்', 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' என்று போய் ஐ.பி. முகவரியை நீங்களே கொடுங்கள். அது பெரும்பாலும் 9100 என்ற போர்ட் எண்ணில் நேராகப் பேசும். அதன் பிறகும் தாள் வந்துகொண்டே 'ஆஃப்லைன்' என்று காட்டினால், 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒன்று முக்கியம்: ரௌட்டர் பிரிண்டருக்கு அவ்வப்போது வேறு முகவரி கொடுத்தால் இத்தனை வேலையும் வீண். ரௌட்டரில் அந்த பிரிண்டருக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். டி.ஹெச்.சி.பி. ரிசர்வேஷன் என்றால் ஐடி ஆளுக்குப் புரியும்.

பாயான் லெப்பாஸ் வாசகர், பினாங்கு: அலுவலகக் கணினிக்கு ரிமோட் போட்டால் கடவுச்சொல் தப்பு என்கிறது. அங்கே நேரில் உட்கார்ந்து நுழையும் அதே எண்ணைத்தான் அடிக்கிறேன்.

பதில்: எண் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். பின் (PIN) நம்பர் அந்த ஒரு கணினிக்கு நேரில் நுழைவதற்கு மட்டுமே. ரிமோட்டுக்கு முழுக் கடவுச்சொல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கானால் பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். அதுவும் ஏற்காவிட்டால், அந்தக் கணினியில் ஒருமுறைகூடக் கடவுச்சொல்லால் நுழைந்திருக்க மாட்டீர்கள். நேரில் போய், செட்டிங்ஸில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் விண்டோஸ் ஹலோ (முகம், விரல்ரேகை, PIN) மட்டும் என்ற கட்டுப்பாட்டை அணைத்து, கணினியைப் பூட்டி, ஒருமுறை கடவுச்சொல் அடித்துத் திறந்து வாருங்கள்.

நுழையப்படும் கணினியில் விண்டோஸ் ப்ரோ, என்டர்பிரைஸ் போன்ற பதிப்பு இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆளை உள்ளே விடாது. உங்கள் லேப்டாப்பில் ஹோம் இருந்தால் பரவாயில்லை. அந்தக் கணினி தூங்கவும் கூடாது. பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். திரை அணைந்தால் கெடுதல் இல்லை.

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்: வீட்டில் அலுவலக வி.பி.என். போட்டதும் வைஃபை பிரிண்டர் செத்துவிடுகிறது. அணைத்தால் உயிர் வருகிறது.

பதில்: வி.பி.என். என்பது இணையம் வழியே அலுவலக வலைக்குள் போகும் பாதுகாப்பான பாதை. பல அலுவலக வி.பி.என்.கள் லேப்டாப்பின் எல்லாப் போக்குவரத்தையும் அலுவலகத்துக்கே திருப்பிவிடும். வீட்டு பிரிண்டருக்குப் போகும் வழியும் அத்தோடு அடைபடும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைக்கிறார்கள், ஆகவே அவர்கள் மாற்ற ஒப்புக்கொள்ளாமல் போகலாம். பிரிண்டரை யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டுங்கள். கேபிளில் போவதை வி.பி.என். தொடாது, ரிமோட் டெஸ்க்டாப்பிலும் அது தெரியும்.

வீட்டு வலை, அலுவலக வலை இரண்டின் ஐ.பி. முகவரிகளுமே 192.168.1 என்று தொடங்கினாலும் இதே அறிகுறி வரும். வீட்டு ரௌட்டரை 192.168.77.1 போன்று அதிகம் பேர் வைக்காத எண்ணுக்கு மாற்றுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: வி.பி.என். தொல்லை வேண்டாம், ரௌட்டரில் 3389-ஐத் திறந்துவிட்டால் எங்கிருந்தும் ரிமோட் போடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் ஐயா. 3389 ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் எண் என்பது ஊரறிந்த விஷயம். இணையத்தில் திறந்து கிடக்கும் 3389-ஐத் தேடி, ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைத் தானாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவு பகல் ஓடுகின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள் நுழையும் பழைய வாசல் இது. 2019 மே மாதம் தெரியவந்த 'ப்ளூகீப்' என்ற பாதுகாப்பு ஓட்டை வழியாக, விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளுக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் புகுந்துவிட முடிந்தது. எண்ணை 3390 என்று மாற்றுவதும் ஒளிவதாகாது. அலுவலக ரௌட்டரில் ஓபன்வி.பி.என். அல்லது வயர்கார்டு என்ற வி.பி.என். வசதி இருக்கிறதா பாருங்கள். முதலில் வி.பி.என்., அதற்குள்ளே ரிமோட்.

வாடிக்கையாளர் விவரம் அந்தக் கணினியில் இருந்தால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ன் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல், கடும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். சொந்த லேப்டாப்பானால் 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் 'மோர்' அழுத்தி, 'டிரைவ்ஸ்' (லேப்டாப்பின் வட்டுகளை ரிமோட்டுக்குள் காட்டுவது) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரிண்ட் எடுக்க அது தேவையே இல்லை. அது இருந்தால் ஒரு பக்கம் புகுந்த கிருமிக்கு மறுபக்கமும் கைக்கெட்டும்.

மஸ்ஜித் இந்தியா வாசகர், கோலாலம்பூர்: வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த லேப்டாப். பிரிண்ட் கொடுத்தால் தாள் நிறைய இருந்தும் பிரிண்டர் தாள் கேட்டு நிற்கிறது.

பதில்: அமெரிக்க லேப்டாப்பாக இருக்கும். அங்கே 'லெட்டர்' அளவு, 215.9 × 279.4 மி.மீ.; நம் ஏ4 210 × 297. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்திருக்கிறது. 'பிரிண்டிங் பிரிஃபரன்ஸஸ்' உள்ளே ஏ4 ஆக்குங்கள். செட்டிங்ஸில் 'ரீஜன்' மலேசியா என்று வையுங்கள். வேர்டில் பழைய கோப்புகளில் லெட்டர் அளவே பதிந்திருக்கும். 'லேஅவுட்', 'சைஸ்' போய் ஒவ்வொன்றாக மாற்றத்தான் வேண்டும்.