பிரம்ரனில் வேலைக்கு வருகிறவர் பஞ்சாபி கற்க வேண்டுமா?

அன்புள்ள தங்கைக்கு,

கனடாவின் பிரம்ரன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகவும், அங்கே தங்கியிருப்போரில் பலர் பஞ்சாபியர் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தையே இன்னும் சீராக்க வேண்டியிருக்கும்போது பஞ்சாபியும் கற்பது வீண் சுமையா என்று கேட்டிருந்தீர்கள். கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். இதே தொழிலில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவில் 520,000க்கும் மேற்பட்டோர் வீட்டில் பெரும்பாலும் பேசுவது பஞ்சாபியே. ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் விட்டுப் பார்த்தால், மண்டரினுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஆயினும் உங்கள் வேலைக்கு இந்த எண்ணிக்கையைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழிதான் பலரிடம் முதலில் நழுவுகிறது. லொறி ஓட்டியும் தொழிற்சாலையில் உழைத்தும் பல்லாண்டுகள் ஆங்கிலத்தில் சமாளித்தவர்கள்கூட, ஒரு கட்டத்தில் பிள்ளைப்பருவத்து மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். நள்ளிரவில் முனகிக்கொண்டிருக்கும் மூதாட்டியிடம் ஆங்கிலத்தில் விசாரித்தால், 'ஓகே, ஓகே' என்று தலையசைத்துவிடுவார். வலி இல்லை என்று குறிப்பேட்டில் பதிவாகிவிடும். அவருடைய கட்டிலருகே குனிந்து, "பீஜி, கித்தே பீட் ஹுந்தி ஏ?" என்று, எங்கே வலிக்கிறதென்று அவர் மொழியிலேயே கேட்டுப் பாருங்கள். உங்கள் கையைப் பிடித்து வலிக்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைப்பார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தமிழருக்கு இம்மொழி அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. எழுவாய் முதலிலும் வினை இறுதியிலும் வரும். வேற்றுமைச் சொல் பெயருக்குப் பின்னால்தான் நிற்கும். 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் சொல்வதுபோலவே, அவர்களும் பசித்தவரை 'மைனூ', அதாவது 'எனக்கு', என்றே வைத்துப் பேசுகிறார்கள். 'தூ', 'துஸீ' என்ற வேறுபாடு நம்முடைய நீ, நீங்கள் போன்றதே. முதியவர்களிடம் எப்போதும் 'துஸீ'தான். ணகரமும் ளகரமும் அவர்கள் பேச்சில் தாராளமாக உண்டு. தண்ணீரைப் 'பாணி' என்று ணகரத்தோடு சொல்லும்போது நம் நாக்குக்கு அது புதிதாகவே இருப்பதில்லை. மூக்கு 'நக்க்', காது 'கன்ன்', கண் 'அக்க்' என்று குறிலும் இரட்டித்த மெய்யுமாக வரும் உடலுறுப்புப் பெயர்களையே முதலில் மனப்பாடம் செய்யுங்கள், குளிப்பாட்டும்போதும் உடைமாற்றும்போதும் ஒவ்வொரு நாளும் தேவைப்படுபவை அவைதாம். உறவுப் பெயர்களும் அப்படியே. தந்தையின் அண்ணனைத் 'தாயா' என்றும் தம்பியைச் 'சாச்சா' என்றும் பிரித்துச் சொல்வது, பெரியப்பா, சித்தப்பா என்று அழைத்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

கடினமான பகுதிகள் இரண்டு. பஞ்சாபியில் தொனி உண்டு. குதிரையைக் குறிக்கும் சொல்லும் சாட்டையைக் குறிக்கும் சொல்லும் குரலின் ஏற்ற இறக்கத்தால்தான் வேறுபடுகின்றன. இதற்கு ஏட்டுப் படிப்பு போதாது, காதுதான் பழக வேண்டும். மற்றது, உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ரொட்டி பெண்பால் என்பதால் 'சாப்பிட்டேன்' என்ற வினையும் பெண்பாலாக மாறும். இதில் தவறினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆகவே வாய் திறக்கத் தயங்காதீர்கள்.

பஞ்சாபியர் எல்லோரும் சீக்கியர் அல்லர். சீக்கியரிடம் 'சத் ஸ்ரீ அகால்' என்று வணங்குங்கள். லாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் முதியவருக்கு 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதே முறை. சீக்கியர் குருமுகி எழுத்திலும், பாகிஸ்தானியர் ஷாமுகி என்னும் அரபு வழி எழுத்திலும் எழுதுகிறார்கள். பேச்சு ஓரளவு வந்த பிறகு குருமுகியைத் தொடங்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் சீக்கியரின் இரண்டாம் குருவான அங்கத் சீர்படுத்திய அவ்வெழுத்து ஒழுங்கானது. நம் எழுத்தைப் போலவே மெய்யோடு உயிர்க்குறி சேர்த்து எழுதப்படுவது.

மொழியோடு வழக்கங்களையும் அறிந்துகொள்ளுங்கள். முடியை வெட்டாமல் காப்பது சீக்கியருக்குச் சமயக் கடமை. சிகிச்சைக்காகவே ஆனாலும், கேட்காமல் முடியையோ தாடியையோ மழிக்கக் கூடாது, கையிலுள்ள இரும்புக் காப்பையும் கழற்றக் கூடாது. மிக முதியவர்களில் சிலர் 1947 பிரிவினையில் சிறுபிள்ளைகளாக வீடிழந்து வந்தவர்கள். அவர்கள் தங்கள் கிராமத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வேலை நெருக்கடியிலும் சற்று நேரம் அமர்ந்து கேளுங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு அந்தக் கதை விளங்காமல் போகாது.

சீக்கியரின் வழிபாட்டிடங்களான குருத்துவாராக்கள் பலவற்றில் வார இறுதியில் குருமுகி வகுப்பு நடக்கிறது. தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால் எந்தச் சமயத்தவரையும் வரவேற்பார்கள். வகுப்பு முடிந்ததும் லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் எல்லோரோடும் தரையில் அமர்ந்து உண்ணுங்கள். பேசிப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இந்நகரில் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிகிச்சைக்கு ஒப்புதல் பெறும்போதும் மருந்து மாற்றத்தை விளக்கும்போதும் உங்கள் பஞ்சாபியை நம்பி மொழிபெயர்க்க முன்வராதீர்கள். எவ்வளவு சரளமாக வந்தாலும், தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைக்கும்படி பொறுப்புத் தாதியிடம் சொல்லிவிடுங்கள்.