டிசம்பரில் துருக்கிக் கடலில் குளிக்கலாமா?
வாசகர் கேள்வி-பதில்: பயணப் பகுதி

துருக்கியின் கடலோர ரிசார்ட்டுகள் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அன்டாலியா போகலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகளுக்கு 5 வயது, 9 வயது. ஐந்து நட்சத்திர ரிசார்ட், சாப்பாடு எல்லாம் சேர்த்து மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. பதிவு செய்துவிடலாமா? – வாசகி, தெம்பனிஸ்

கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம். விலை இறங்கியதற்கு அந்தப் பருவமே காரணம். அன்டாலியாவில் மழை அதிகம் கொட்டுவது டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். பகல் வெப்பம் 15, 16 டிகிரி, கடல் நீர் ஏறத்தாழ 18 டிகிரி. நம் ஈஸ்ட் கோஸ்ட் தண்ணீரில் விளையாடிப் பழகிய பிள்ளைகள் கணுக்கால் நனைந்ததுமே திரும்பி ஓடிவந்துவிடுவார்கள். பல ரிசார்ட்டுகள் நவம்பரில் மூடி, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோதான் திறக்கும். திறந்திருப்பவற்றிலும் தண்ணீர்ச் சறுக்குகள், கடற்கரை உணவுக்கூடம், திறந்தவெளிக் குளம் எல்லாம் நின்றிருக்கும். வெந்நீர் ஓடும் உள்குளம் ஒன்றுதான் மிஞ்சும். அதற்காக 11 மணி நேரம் பறக்க வேண்டியதில்லை. டிசம்பரில்தான் போக முடியும் என்றால் இஸ்தான்புல், கப்படோகியா என்று திட்டத்தையே மாற்றிவிடுங்கள்.

நம் பள்ளி நாள்காட்டியில் துருக்கிக் கடலுக்குச் சரியாகப் பொருந்துவது ஜூன் விடுமுறைதான், அதிலும் முதல் இரண்டு வாரங்கள். வெயில் 30 டிகிரியை ஒட்டி, கடல் 24 டிகிரியளவில் இருக்கும். ஜூன் பிற்பாதியில் துருக்கியின் பள்ளிகளும் மூடுவதால் உள்ளூர்க் கூட்டம் சேரும், விலை ஏறும். ஜூலை, ஆகஸ்ட்டில் 35 டிகிரி தாண்டுவது சாதாரணம். செப்டம்பரில் கடல் அருமையாக இருக்கும், ஆனால் நமக்குக் கிடைப்பது ஒரே வாரம். முன்னும் பின்னும் வார இறுதியைச் சேர்த்தால்தான் கட்டும்.

அன்டாலியாப் பக்கத்துக் கடற்கரைகளில் லாரா, பெலெக், சிடே, அலான்யா, கெமேர்... எதைத் தேர்ந்தெடுப்பது? கூட 3 வயதுக் குழந்தையும், முட்டிவலி உள்ள மாமனாரும் வருகிறார்கள். – வாசகர், பொங்கோல்

ஹோட்டலின் பெயரைப் பார்ப்பதற்கு முன் கரையைப் பாருங்கள். கெமேர் படங்களில் மிக அழகு, டோரஸ் மலை நேராகக் கடலுக்கு இறங்கும். ஆனால் கரை முழுக்கக் கூழாங்கல், முட்டிவலிக்காரருக்கு அது வேதனை. அன்டாலியா நகரத்தை ஒட்டிய கொன்யால்டியும் அப்படியே. அலான்யாவின் கிளியோபாட்ரா கடற்கரையில் மணல் உண்டு, ஆனால் சில எட்டிலேயே ஆழம் வந்துவிடும். உங்களுக்கு லாரா அல்லது சிடே பொருந்தும். இரண்டிலும் மணல், ஆழமும் மெதுவாகக் கூடும்.

லாரா, அன்டாலியா விமான நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள். பெலெக் 35, சிடே 65, அலான்யா 120 கிலோமீட்டர் அளவில். இரவு முழுக்கப் பறந்து வந்த குழந்தையுடன் அலான்யா வரை வேனில் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். சிடேக்கு இன்னொரு பெருமை: மாலையில் அப்பல்லோ கோயிலின் தூண்கள் வரை நடந்தே போகலாம், சமதளம். ரோமானியர் காலத்து அஸ்பெண்டோஸ் அரங்கும் பக்கம்தான், ஆனால் அதன் கல் படிகள் உயரமானவை. மாமனார் கீழ் வரிசையிலேயே உட்காரட்டும்.

பதிவு செய்யும்போது இரண்டு விஷயங்கள். ஃபேமிலி ரூம் என்றால் சில ஹோட்டல்களில் கதவு வைத்த இரண்டு அறை, சிலவற்றில் ஒரே அறையில் ஒரு சோபாப் படுக்கை. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அடுத்து, அந்தப் பருவத்துக்கான 'கான்செப்ட்' தாளைக் கேளுங்கள். எந்த உணவகம் எத்தனை மணிக்கு, எது இலவசம், எதற்குத் தனிக் கட்டணம் என்று அதில்தான் இருக்கும். ஆல் இன்க்ளூசிவ் (சாப்பாடு எல்லாம் சேர்த்த கட்டணம்) என்றாலும், பட்டியல் பார்த்துக் கேட்டுச் சாப்பிடும் ஆ லா கார்ட் உணவகங்களுக்கு முன்பதிவு வேண்டும், சிலவற்றுக்குக் கட்டணமும் உண்டு.

எனக்கும் பிள்ளைகளுக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ். மனைவி இந்தியக் கடப்பிதழுடன் இங்கே பிஆர் (நிரந்தரவாசி). அவருக்கும் விசா தேவையில்லைதானே? – வாசகர், செங்காங்

தேவை. டிக்கெட் வாங்கும் முன் தீர்க்க வேண்டிய விஷயம் இதுதான். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். துருக்கி பார்ப்பது கடப்பிதழைத்தான், இங்குள்ள பிஆர் தகுதியை அல்ல.

இந்தியக் கடப்பிதழுக்கு இ-விசா கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பு அனுமதியோ இருக்க வேண்டும். துருக்கிக்குள் நுழையும் நாளிலும் அது செல்லுபடியாக வேண்டும். இந்தத் துணை ஆவணம் இல்லாமலே இ-விசாத் தளம் விண்ணப்பத்தை ஏற்றுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடும். சிக்கல் சாங்கியில் செக்-இன் செய்யும்போதுதான் வெளிப்படும், குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். துணை ஆவணம் இல்லையென்றால் தூதரக வழியாக, கடப்பிதழில் ஒட்டும் விசாவுக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். இ-விசா என்றால் அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் டிஆர்' என்று முடியும். மற்றவை இடைத்தரகர்கள். கடப்பிதழ்கள் எல்லாவற்றிலும் ஆறு மாதம் மீதி இருக்கட்டும்.

இஸ்தான்புல் வரை ஒன்று, அங்கிருந்து அன்டாலியாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக டிக்கெட் வாங்கினால் மலிவாக வருகிறது. பரவாயில்லையா? – வாசகி, ஜூரோங்

விமான நிலையத்தைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து நேராகப் பறப்பவை இஸ்தான்புல் விமான நிலையத்தில் இறங்கும். மலிவு உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகரின் ஆசியப் பக்கத்து சபிஹா கோக்சென் விமான நிலையத்திலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவே முழு நகரமும் அதன் நெரிசலும். தனி டிக்கெட்டில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டி எடை வரம்பும் குறையும். அன்டாலியா வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். குடிநுழைவு வரிசைக்காக நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள்.

காலையிலேயே ரிசார்ட் சேர்ந்துவிட்டால் அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். பெரும்பாலும் விருந்தினர் என்று காட்டும் கைப்பட்டையை முன்பே தருவார்கள், சாப்பிடலாம், குளிக்கலாம். நீச்சலுடையைக் கைப்பையில் வையுங்கள்.

என் பெற்றோர் முட்டைகூடத் தொடாத சைவம். பட்டினி கிடக்க நேருமா? – வாசகர், ஈசூன்

கிடக்க மாட்டார்கள், ஆனால் எதை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பஃபேயில் ஆறிய நிலையில், ஆலிவ் எண்ணெயில் சமைத்து வைக்கும் காய்கறிகளில் பொதுவாக இறைச்சி இருக்காது. திராட்சை இலையில் சோறு சுருட்டிய சர்மாவும் அதில் சேர்த்தி. அதே பண்டம் சூடாக வந்தால் கொத்துக்கறி இருக்கும். கத்தரிக்காயிலும் இதே குழப்பம்: இமாம் பயல்டி சைவம், பார்க்க அதுபோலவே இருக்கும் கர்னியாரிக்கில் கொத்துக்கறி உண்டு. பருப்பு சூப்பிலும் பிலாவ் சோற்றிலும் இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டு. "எத் சுயு வார் மே" (இறைச்சிச் சாறு உண்டா) என்று கேட்டால் சமையற்காரர் சொல்லிவிடுவார்.

அடுக்கடுக்கான மாவுப் பண்டமான போரெக்கைத் தவிருங்கள், மேலே முட்டை பூசியிருப்பார்கள். கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துக் கண்ணெதிரே சுடும் கோஸ்லெமே ரொட்டி நல்ல தேர்வு, மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டித் தயிரும், உப்புப் போட்ட மோரான அய்ரானும் எங்கும் கிடைக்கும். வெறும் சோறு கேட்டு வாங்கினால் தயிர்சாதம் தயார். சீஸில் விலங்கு ரெனெட் (பாலைத் திரிய வைக்க விலங்கு வயிற்றிலிருந்து எடுப்பது) இருக்கலாம், அதைப் பார்ப்பவர்கள் தவிர்க்கட்டும்.

பெண்களுக்குத் தனிக் குளம் உள்ள ரிசார்ட்டுகள் உண்டா? – வாசகி, பிடோக்

உண்டு, அலான்யாப் பக்கம் அதிகம், மதுவும் இருக்காது. ஆனால் 'பெண்கள் பகுதி' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: குளம் திறந்தவெளியா, உள்ளேயா? நாள் முழுவதுமா, சில மணி நேரமா? மேல்மாடிகளிலிருந்து தெரியுமா? எத்தனை வயது வரை மகனை அழைத்து வரலாம்? சாதாரண ரிசார்ட்டுக்குப் போவதாக இருந்தால் புர்கினிக்கு (உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடை) அனுமதி உண்டு என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எந்தப் பணம் கொண்டுபோவது? – வாசகர், உட்லண்ட்ஸ்

ரிசார்ட் விலைகள் யூரோவில், கடை விலைகள் லிராவில். லிராவின் மதிப்பு தொடர்ந்து சரிவதால் இங்கேயே நிறைய மாற்றிக்கொள்ள வேண்டாம். சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் யூரோ, மற்றதற்குப் பல நாணய அட்டை. அட்டை தேய்க்கும் கருவி சிங்கப்பூர் வெள்ளியா லிராவா என்று கேட்டால் லிராவைத் தொடுங்கள், வெள்ளியில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். 2023 முதல் தங்கும் வரி 2 விழுக்காடு உண்டு. அறை விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மின் இணைப்புக்கு இரண்டு உருண்டை முனை அடாப்டர் வேண்டும், நம் மூன்று சதுர முனை அங்கே நுழையாது.