மரப் பேனாவுக்கு லாக்கர் அடித்தால் வெளுத்துப்போகிறது, ஓரத்தில் உரிகிறது. என்ன செய்யலாம்?

நீங்கள் அடிப்பது பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) என்று எடுத்துக்கொள்கிறேன். பி.யு. (பாலியூரிதேன்), சூப்பர் குளூ பூசுகிற ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவை இதைவிடக் கெட்டிதான், ஆனால் கேள்வி லாக்கரைப் பற்றியது.

என்.சி. லாக்கர் காய்வது என்பது அதிலுள்ள தின்னர் பறந்துபோவது, அவ்வளவுதான். சட்டென்று பறந்தால் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து மாட்டிக்கொள்ளும். வெளுப்பு அதுதான். ஐப்பசி மழையில் சென்னையில் அடித்தால் வெளுக்கத்தான் செய்யும். லூஸில் விற்கும் மலிவுத் தின்னர் என்றால் கோடையிலும் வெளுக்கும். லாக்கர் கம்பெனியே போடும் என்.சி. தின்னரை வாங்குங்கள், மழைக்காலத்தில் அதில் 5 சதவீதம் ரிடார்டர் (தின்னர் மெதுவாகப் பறக்க வைக்கும் திரவம்) சேருங்கள். வெளுத்துவிட்டதைச் சுரண்ட வேண்டாம். வெயில் நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் லேசாக ஸ்பிரே செய்தால் மேல்பூச்சு இளகி ஈரம் வெளியேறிவிடும்.

ஓரம் உரிவது வேறு கதை. கடையும்போது மரத்தின் இரு முனையிலும் மாட்டும் உலோக வளையமான புஷ்ஷிங்கோடு சேர்த்துப் பூசுகிறீர்கள். லாக்கர் மரத்தையும் புஷ்ஷிங்கையும் ஒரே தோலாகப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது செதிலாகப் பெயரும். லேத்தில் 240, 320, 400 உப்புத்தாள் வரை தேய்த்து, ஒவ்வொரு நம்பருக்கும் பிறகு லேத்தை நிறுத்தி நீளவாக்கிலும் இழுத்துவிட்டு, மரத்தைக் கழற்றி ஒரு மூங்கில் குச்சியில் செருகுங்கள். மரத்துக்குள் ஒட்டியிருக்கும் பித்தளைக் குழாயின் வாயில் பஞ்சு அடையுங்கள். லாக்கர் உள்ளே போனால் கிளிப்பை அழுத்தும்போது மரம் பிளக்கும். இரண்டு முனைகளிலும் நார் வாய் திறந்திருக்கும்; அங்கே மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு முறை தொட்டுவிடுங்கள்.

தேக்கு, தோதகத்தி போன்ற எண்ணெய் மரமென்றால் அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி கசியுமுன் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) போட வேண்டும். சாண்டிங் சீலர், தின்னர் சரிபாதி, இரண்டு கோட், பிறகு 400. அதன்மேல் ஒரு பங்கு லாக்கருக்கு ஒன்றரைப் பங்கு தின்னர் கலந்து ஐந்தாறு கோட், அரை மணி இடைவெளியில். ஒவ்வொரு கோட்டும் கீழுள்ளதைக் கரைத்து ஒன்றாகிவிடும். அதனால் கையால் துடைத்துப் பூசுகிறவர்கள் ஒரே இழுப்போடு நிறுத்துங்கள். இரண்டாம் இழுப்பு அடிப்பூச்சையும் வழித்துக்கொண்டு வரும். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் பூசாதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

பூச்சு கொஞ்சம் தடிமன் கூட்டும். ஆகவே கடையும்போதே மரம் புஷ்ஷிங் வளையத்தைவிட மயிரிழை உள்ளே இருக்கட்டும். நகத்தை ஓட்டினால் வளையம் தட்டுப்பட வேண்டும்.

பிறகு பத்து நாள் தொடாதீர்கள். மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாசம் வருகிறதா, இன்னும் காயவில்லை. அவசரப்பட்டுப் பாலீஷ் போட்டால் பின்னால் லாக்கர் அமுங்கி, மரத்தின் நார்க்குழிகள் மேலே தெரியும். காய்ந்தபின் 1500, 2000 உப்புத்தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்து, கார் ரப்பிங் காம்பவுண்டால் முடியுங்கள். தண்ணீர் வேண்டாம், முனை ஊறும்.

இத்தனையும் செய்து மேசையில் வைத்தால், "பத்து ரூபாய் பேனாவிலும் இதே ரீஃபில்தானே?" என்று பேரம் பேச ஒருவர் வருவார். அவருக்கு விற்காதீர்கள். வாங்குகிறவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: சானிடைசர் ஈரக் கையோடு எடுக்க வேண்டாம், ஸ்பிரிட் பட்டால் லாக்கர் இளகும்.