நாற்காலி தெரிகிறது, புத்தகம் தெரியவில்லை

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் தூங்கப்போகும் முன் பத்து நிமிடம், வி.ஏ.ஓ. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதுபோல் கற்பனை செய்கிறேன். மனசு நிறைந்துபோகிறது. ஆனால் மறுநாள் புத்தகத்தைத் தொடவே தோன்றுவதில்லை. எங்கே தப்பு?
- வாசகி, மணப்பாறை

பதில்: மனசு நிறைந்துபோகிறதே, அங்கேதான். வேலை கிடைத்த சுகத்தை ராத்திரியே அனுபவித்துவிட்டால் காலையில் எதற்கு ஓட வேண்டும்? உளவியலாளர்கள் ஹெதர் கேப்பஸ், கேப்ரியேல் ஓட்டிங்கன் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணே இறங்கியது. உடம்பு ஓய்வெடுக்கப் போய்விட்டது என்று அர்த்தம்.

எதைக் கற்பனை செய்கிறோம் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களிடம் ஷெல்லி டெய்லர் குழு நடத்திய ஆய்வு 1999-இல் வந்தது. தேர்வுக்கு முந்தைய நாட்களில் தினம் 5 நிமிடம், ஒரு பிரிவினர் நல்ல மதிப்பெண் வாங்குவதை மனதில் ஓட்டினார்கள். இன்னொரு பிரிவினர் உட்கார்ந்து படிப்பதை ஓட்டினார்கள். அதிகம் படித்ததும் கூடுதல் மதிப்பெண் எடுத்ததும் இரண்டாவது பிரிவுதான்.

ஆகவே பத்து நிமிடம் வேண்டாம், ஐந்து போதும்; அதில் நாற்காலிக்கு அரை நிமிடம். ஆசை முதலில், அதற்குக் குறுக்கே உங்களுக்குள் நிற்கும் தடை பிறகு. வரிசையை மாற்றினால் பலன் இல்லை. மீதி நாலரை நிமிடம் நாளைய காலையைப் பாருங்கள். மணி 5.30. போன் அடுத்த அறையில். தனிவட்டி, கூட்டுவட்டி, பத்துக் கணக்கு. மூன்றாவது தப்பாகிறது. எரிச்சல் வருகிறது, கை விடைப்பக்கத்தைப் புரட்டப் போகிறது. நிறுத்துங்கள், உங்கள் தடை இதுதான். இதற்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘கணக்கு தப்பி எரிச்சல் வந்தால், விடையைப் பார்க்காமல் முதல் வரியிலிருந்து மறுபடி போடுவேன்.’

பலர் சறுக்குவது இந்த வாக்கியத்தில்தான். ‘கவனமாகப் படிப்பேன்’ என்றால் எப்போது, எதை என்று மனசுக்குத் தெரியாது. ‘போன் பார்க்க மாட்டேன்’ என்று எழுதினால் போன்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த நேரத்தில் கை என்ன செய்யும் என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு டிவியைத் தடை என்று எழுதாதீர்கள். உங்களுக்குள் இருப்பதை எழுதுங்கள். 200 கேள்விகளில், இந்தக் கணக்குகள் வரும் திறனறிவுப் பகுதிக்கு 25தான் என்றாலும் பலர் தள்ளிப்போடும் பகுதி அது, அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: கண்ணை மூடினால் எனக்கு எந்தக் காட்சியும் வருவதில்லை, வெறும் இருட்டு. இந்தப் பயிற்சி எனக்கு ஆகாதா?
- வாசகர், சேலம்

பதில்: தாராளமாக ஆகும். மனக்கண்ணில் படமே தெரியாத இயல்புக்கு ‘அஃபான்டேசியா’ என்று 2015-இல் பெயர் வைத்தார்கள்; அது நோய் அல்ல. காட்சியை விட்டுவிடுங்கள். ‘வந்தால் - செய்வேன்’ வாக்கியத்துக்குப் படம் தேவையில்லை. தாளில் எழுதி, படிக்கும் இடத்தில் ஒட்டி, உட்காரும்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.