வெள்ளம் வடியும் கொசஸ்தலை ஆற்றில் மிதந்தபடி தூண்டில் போடலாமா? – கேள்வி பதில்

பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி, கொசஸ்தலை ஆற்றில் உபரிநீர் திறக்கப்பட்டிருக்கும் இந்த நாட்களில், சிறிய படகில் ஆற்றோட்டத்தோடு இறங்கிக்கொண்டே தூண்டில் போடும் பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக இந்த ஆற்றில் மீன் பிடித்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பெரம்பூர்): மழை நின்று இரண்டு நாட்கள் ஆகிவிட்டன, நல்ல வெயிலும் அடிக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை தாமரைப்பாக்கம் அணைக்கட்டுக்குக் கீழே படகை இறக்கலாமா ஐயா?

பதில்: இந்த ஞாயிறு வேண்டாம். சென்னை வானத்தைப் பார்த்து இந்த ஆற்றைக் கணிக்க முடியாது. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர், ஆந்திரத்து அம்மப்பள்ளி அணையிலிருந்து திறக்கப்படும் நீர், பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்து மழைநீர் என்று எல்லாம் பூண்டிக்குத்தான் வந்து சேர்கின்றன. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிறைந்த பிறகு மேலே எங்கே மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் நமக்குத்தான் வரும். குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் ஏரி நிலவரத்தில் இருப்பை விட்டுவிட்டு வெளியேற்றத்தைப் பாருங்கள். விநாடிக்கு 1,000 கன அடி என்பது சுமார் 28,300 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டுக்கும் மேல் ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போகின்றன. அந்த எண் தொடர்ந்து மூன்று நாட்களாவது இறங்கிய பிறகே நான் படகைத் தூக்குவேன்.

கரைக்குப் போன பிறகும் ஒரு சோதனை உண்டு. தண்ணீர் மண்ணைத் தொடும் கோட்டில் ஒரு குச்சியை நட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள். குச்சிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஈரமண் தெரிந்தால் ஆறு இறங்குகிறது. குச்சியின் அடி நனைந்து அதைச் சுற்றிச் சருகும் நுரையும் சேர்ந்தால், ஏறுகிறது, வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

கேள்வி (கொளத்தூர்): எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், உயிர்காப்பு அங்கியும் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் அப்படி என்ன ஆபத்து இருக்கிறது?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்த ஆற்றுக்குள் காடாக வளர்ந்திருக்கும் சீமைக்கருவேலம். வெள்ளத்தில் அது மூழ்கி நிற்கும்போது கிளைகளுக்கிடையில் தண்ணீர் புகுந்து போகும், ஆள் புக முடியாது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் நானும் ஒரு நண்பரும் காற்றடைத்த படகில் வந்துகொண்டிருந்தபோது, நீர்ப்பரப்பில் ஒரு சிறு சுழிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாத இடத்தில் படகு சட்டென்று நின்றது. முள் ரப்பரைக் கிழித்த சத்தத்தைக் கேட்பதற்குள் ஒரு பக்கம் சப்பிப்போய், நண்பரின் அங்கியின் வார் கிளையில் மாட்டிக்கொண்டது. அவர் நல்ல நீச்சல்காரர். ஆனால் அன்று அவரைக் காப்பாற்றியது வாரை அறுத்த ஒரு சிறு கத்திதான். அன்றிலிருந்து கத்தியை மார்புப் பக்கத்தில், ஒரு கையால் எட்டும்படி வைத்துக்கொள்கிறேன். படகின் நங்கூரக் கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்வதே இல்லை.

அணைக்கட்டுகளும் தடுப்பணைகளும் இரண்டாவது ஆபத்து. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் வழுவழுப்பாக வழிந்து இறங்குவதுபோலத் தெரியும்; அடியில் அது திரும்பச் சுவரை நோக்கியே சுழல்வதால், மிதக்கும் எதுவும் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். நூறு மீட்டருக்கு முன்பே கரையேறிப் படகைச் சுமந்து போங்கள். மணல் அள்ளிய பழைய குழிகளும் உண்டு. இடுப்பளவு என்று நினைத்து இறங்கும் இடம் இரண்டு ஆள் ஆழமாக இருக்கலாம். மிதக்கப்போகும் தூரம் முழுவதையும் முதல் நாள் கரையோடு நடந்து பார்க்காமல் படகை இறக்காதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர்): கலங்கல் தண்ணீரில் மீன் கடிக்குமா? என்ன இரை போடலாம்?

பதில்: கடிக்கும், ஆனால் இடம் மாறும். வேகத்தோடு மல்லுக்கட்டும் மீன் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால், பாலத் தூண்களின் பின்புறம், வளைவின் உட்பக்கம், முழுகிய புல்தரையின் ஓரம் ஆகிய இடங்களில் ஒதுங்கிவிடும். ஒரு வெள்ளைத் தட்டைத் தண்ணீருக்குள் இறக்கிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள் மறைந்தால் அன்று கெளுத்தி நாள். கண்ணைவிட மணத்தையும் மீசையையும் நம்பும் மீன் அது, நான்கைந்து மண்புழுக்களைக் கொத்தாகக் கோத்தால் போதும். தட்டு முழ ஆழம் வரை தெரிந்து, நீர் செம்மண் நிறத்திலிருந்து பச்சைக்குத் திரும்பியிருந்தால், கோதுமை மாவுருண்டைக்குக் கெண்டையும் ஜிலேபியும் வரும். நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட கட்லாவும் ரோகுவும் உபரிநீரோடு இறங்கியிருப்பதும் உண்டு.

மிதந்தபடி போடும் தூண்டிலின் அழகே, தக்கையும் படகும் ஒரே வேகத்தில் போவதுதான். கரையிலிருந்து வீசினால் நீரோட்டம் தூண்டில் நரம்பை வளைத்து இழுக்க, இரை மேலெழும்பிவிடுகிறது. படகிலிருந்து விட்டால் அது தண்ணீரோடு தண்ணீராக நகர்வதால் மீனுக்குச் சந்தேகம் வருவதில்லை. வழக்கத்தைவிடப் பெரிய தக்கையும் கனமான ஈயக்குண்டும் கட்டி, தூண்டில் முள் ஆற்றின் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி வையுங்கள்.

கேள்வி (சைதாப்பேட்டை): அவ்வளவு தூரம் போகாமல் அடையாற்றில் முயன்றால் என்ன?

பதில்: கழிவுநீர் கலந்த ஆறு, அங்கே பிடிக்கும் மீனைச் சமைக்காதீர்கள். கொசஸ்தலையிலும் எண்ணூர்ப் பக்கம் இறங்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, அங்கே மீன்பிடித் தொழிலாளர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதை நாம் பார்த்தோம்.

கேள்வி (ஆவடி): காலில் சிறு வெட்டுக்காயம் இருக்கிறது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: ஆறும் வரை பொறுத்திருங்கள். வெள்ளநீரில் கலந்திருக்கும் எலிச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியே உடலுக்குள் புகும். போய்வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கரையில் ஒதுங்கிய சருகுக் குவியலில் கையை விடாதீர்கள். வெள்ளம் அடித்து வந்த பாம்புகள் அங்கேதான் படுத்திருக்கும்.

கேள்வி (மாதவரம்): என் மகனுக்குப் பத்து வயது. அவனையும் படகில் அழைத்துப் போகலாமா?

பதில்: இந்தப் பருவத்தில் படகு வேண்டாம். வெள்ளம் நன்றாக வடிந்த பிறகு, அசையாத தண்ணீர் நிற்கும் ஒரு மேட்டுக்கரையாகப் பார்த்து அழைத்துப் போங்கள். கரையிலும் உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டு, சிறு தக்கையும் ஒற்றை மண்புழுவும் கொடுத்து, கைக்கு எட்டும் தூரத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலில் ஜிலேபிதான் மாட்டும்.